குடித்தது, போனது

பிப்ரவரி 10, செவ்வாய்

இந்த நோட்டு டாக்டர் எபனேசர் சொல்லி வாங்கியது. "குடிச்சது எவ்வளவு, போனது எவ்வளவுன்னு தினமும் குறிச்சிட்டு வாங்கம்மா" என்றார். நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் ஒரு எண். அவ்வளவுதான் அவர் கேட்டது. தமிழாசிரியை கையில் நோட்டைக் கொடுத்து எண்ணை மட்டும் எழுது என்றால் நடக்கிற காரியமா? அதிலும் நான் பட்டிமன்றப் பேச்சாளர். மூன்று நிமிடம் பேசச் சொன்னால் மூன்று நிமிடம் வணக்கம் சொல்கிறவள்.

விஷயம் இதுதான். வலது விலாவுக்குக் கீழே போன மாதம் முழுக்க வலி. வாய்வு என்று நினைத்து, கோவில்பட்டியில் கிடைக்கிற பூண்டையெல்லாம் தின்று தீர்த்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்யுள் படித்ததுதான் மிச்சம். கடைசியில் வயிற்றை ஸ்கேன் எடுத்தால் வலது கிட்னி வீங்கியிருக்கிறதாம்.

"உள்ள தண்ணி தேங்கி நிக்கி" என்றார் டாக்டர். "கீழ அடைப்பு இருந்தா ஆபரேஷன் பண்ணித் திறந்துவிடணும். கிட்னியே வேலையை நிறுத்தியிருந்தா எடுத்துரணும். ரெண்டும் இல்லாமலும் இருக்கலாம். இந்தப் படத்த வச்சுச் சொல்ல முடியாது. இது கிட்னியோட போட்டோ. அது வேலை பாக்குதா இல்லையான்னு பாக்கதுக்கு மதுரையில ஒரு ஸ்கேன் இருக்கு. கொஞ்சூண்டு கதிர்வீச்சு மருந்த நரம்புல ஏத்தி, கிட்னி அத என்ன பண்ணுதுன்னு பாப்பாங்க."

பக்கத்தில் இவர் உட்கார்ந்திருந்தார். இவர் என்றால் என் கணவர் குருசாமி. ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் கவுன்ட்டருக்குள் இருப்பது மாதிரிதான். கேட்டால் பதில், கேட்காவிட்டால் கதவு சாத்தியிருக்கும். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தோம். வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

குடித்தது: காபி இரண்டு, சொம்பில் பாதி.
போனது: எழுத வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 13, வெள்ளி

இன்று பத்தாம் வகுப்பில் இடக்கரடக்கல் நடத்தினேன். சபையில் சொல்லக்கூடாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது. "கால் கழுவி வந்தான்" என்று உதாரணம் சொன்னதும் கடைசி பெஞ்சு சிரித்தது. நானும் சிரித்தேன். வருஷா வருஷம் சிரிக்கிற இடம்தான் அது.

பள்ளியில் ஆசிரியைகளுக்கான கழிப்பறை மைதானத்தின் மறுகோடியில் இருக்கிறது. சாவி தலைமையாசிரியர் மேசை டிராயரில். அதைக் கேட்டு வாங்கி, ஐந்நூறு பிள்ளைகள் பார்க்க மைதானத்தைக் கடந்து போய், திரும்பி வந்து சாவியை ஒப்படைக்க வேண்டும். தேசியக் கொடி ஏற்றப் போகிறவர்கூட அவ்வளவு பேர் பார்க்க நடப்பதில்லை. அதனால் நான் போவதில்லை. காலையில் வீட்டில் போனால் சாயங்காலம் வீட்டில்தான்.

இதை எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

தேவகோட்டையில் சிவராத்திரி சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: "இல்லறம் சிறக்கத் தேவை விட்டுக்கொடுப்பதா, மனம்விட்டுப் பேசுவதா?" நான் மனம்விட்டுப் பேசுகிற கட்சி.

வேன் மத்தியானமே திருநெல்வேலியில் கிளம்பி, கோவில்பட்டி பைபாஸில் என்னை ஏற்றிக்கொள்ளும். முன்னால் டிரைவர் சேர்மக்கனி. அவன் பக்கத்தில் நடுவர் புலவர் ஆவுடையப்பன் ஐயா. நடு சீட்டில் பேங்க் கோதண்டராமனும் வக்கீலும். பின் சீட்டில் நானும் கோமதியும். கோமதி செங்கோட்டைக்காரி. மேடையில் பாதி பேச்சு, பாதி பாட்டு. பத்து வருஷமாக என் பக்கத்து சீட்டில் வருகிறாள்.

அருப்புக்கோட்டை தாண்டியதும் வழக்கம்போல நடுவர் ஐயா தொண்டையைக் கனைத்தார். சேர்மக்கனி ஒரு வேப்பமரமாகப் பார்த்து ஓரங்கட்டினான். ஆண்கள் நான்கு பேரும் இறங்கிப் போனார்கள். நானும் கோமதியும் வேனுக்குள் இருந்தோம். நான் குறிப்பைப் படிப்பதுபோல் பாவனை. கோமதி தூங்குவதுபோல் பாவனை. இந்த நாடகத்தை நாங்கள் நடத்தாத நெடுஞ்சாலை தென்மாவட்டங்களில் இல்லை.

இதற்கென்று ஒரு பயிற்சி இருக்கிறது. நிகழ்ச்சியன்று காலை காபியோடு சரி. தாகம் எடுத்தால் உதட்டை நனைத்துக்கொள்ள வேண்டும், விழுங்கக் கூடாது. மேடையில் வைக்கிற தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிப்பதுபோல் தூக்கி, மூடி வைத்துவிட வேண்டும். கோமதி வந்த புதிதில் ஒருநாள் கிசுகிசுத்தாள். "அக்கா, ஒங்களுக்கு வரவே வராதாக்கா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மேடைக்காரிக்கு மனசு மட்டும் இல்லம்மா, எல்லாமே இரும்பா இருக்கணும்." அப்போது ஏதோ தத்துவம் பேசிவிட்டதாக நினைப்பு. அதற்கப்புறம் அவள் கேட்டதேயில்லை.

ஏறி உட்கார்ந்த கோதண்டராமன், "மேடம் ரெண்டு பேரும் தேவலோகத்து ஆளுங்க. கண் இமைக்காது, வேர்க்காது, எறங்கவும் மாட்டாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். சிரித்தபோது விலாவில் சுளீர் என்றது.

மனம்விட்டுப் பேசுவதைப் பற்றி மேடையில் கிழி கிழி என்று கிழித்தேன். நல்ல கைதட்டல்.

குடித்தது: உதடு நனைத்தது.
போனது: விடியற்காலை, வீடு திரும்பிய பிறகு.

பிப்ரவரி 18, புதன்

இவர் அளவு ஜாடி ஒன்று வாங்கி வந்திருக்கிறார். பிளாஸ்டிக், பக்கத்தில் கோடு போட்டது. பாத்ரூமில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். நான் சண்டை போட்டேன். "வீட்டுக்கு வர்றவங்க பாத்தா என்ன நினைப்பாங்க?" என்று கேட்டேன்.

"கிட்னி நல்லா இருக்கட்டும்னு நினைப்பாங்க" என்றார்.

அதற்கு மேல் கவுன்ட்டர் சாத்திவிட்டது.

பிப்ரவரி 21, சனி

இன்று எனக்குள் கதிர்வீச்சு ஏற்றினார்கள்.

வரும்போதே தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குப் பஸ். பஸ்ஸில் போகிறவள் குடிப்பாளா? இவர் கொடுத்துவிட்ட பாட்டில் மூடி திறக்காமல் மதுரை வந்து சேர்ந்தது. இவரும் வருகிறேன் என்றுதான் சொன்னார். சாயங்காலம் மேலூரில் நிகழ்ச்சி, வேன் ஸ்கேன் சென்டர் வாசலுக்கே வந்துவிடும், நீங்கள் வந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

அங்கே ரிஸ்வானா என்று ஒரு பெண். மருந்து ஏற்றிப் படம் எடுக்கிறவள். என் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, அப்படியே கொண்டாந்துருக்கீங்க?" என்று முன்னால் உட்கார்ந்து முழுவதையும் குடிக்க வைத்தாள். நிகழ்ச்சி நாளில் அவ்வளவு தண்ணீர் குடித்தது எனக்கே அதிர்ச்சி.

படுக்க வைத்துக் கையில் ஊசி. கட்டிலுக்கு அடியில் பெரிய தட்டு மாதிரி ஒரு கேமரா. "அந்த மெஷின்ல இருந்து கதிர் வருமாம்மா?" என்று கேட்டேன்.

"மெஷின்ல இருந்து ஒண்ணும் வராதும்மா. கதிர் இப்ப ஒங்ககிட்ட இருந்துதான் வருது. அது சும்மா வேடிக்கை பாக்குது" என்றாள். "டெக்னீசியம்னு ஒரு பொருள், அத கிட்னிக்குப் பிடிச்ச ஒரு மருந்தோட சேத்து ஏத்தியிருக்கேன். ரத்தத்துல ஓடிக்கிட்டே இருக்கும். கிட்னி அதப் பிடிச்சு, வடிகட்டி, ஒண்ணுக்கோட சேத்துக் கீழ அனுப்பும். எவ்வளவு வேகமா பிடிக்குது, எவ்வளவு வேகமா விடுது, அதத்தான் நம்ம பாக்குறோம். பேசாம படுங்க, ஆடக்கூடாது."

பேசாமல் படுப்பது. அதுவும் என்னிடம். ஆனாலும் படுத்தேன். தலையைத் திருப்பினால் திரை தெரிந்தது. கறுப்பில் முதலில் புகை மாதிரி ஏதோ பரவியது. பிறகு அவரைக்கொட்டை மாதிரி இரண்டு வெள்ளைகள் தெளிந்து வந்தன. என் கிட்னிகள். ஐம்பத்து மூன்று வருஷமாக எனக்காக உழைக்கிறவர்களை இன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். திடீரென்று கண் கலங்கிவிட்டது. ஏன் என்று தெரியவில்லை.

கீழே இரண்டு கோடுகள் வரைந்துகொண்டே போயின. இடது ஏறியது, உச்சிக்குப் போனது, இறங்கியது. வலது ஏறியது, ஏறினதோடு சரி. மைக்கைப் பிடித்த பேச்சாளர் மாதிரி மேலேயே நின்றுகொண்டது. நீர் இறங்க இன்னொரு ஊசி போட்டாள். அப்போதும் ஏதோ மனசில்லாமல் கொஞ்சம் சாய்ந்தது. எனக்கோ அடிவயிறு வெடித்துவிடும் போலிருந்தது.

"போயி நல்லா முழுசா போயிட்டு வாங்கம்மா. வந்ததும் கடைசியா ஒரு படம். அதுதான் முக்கியம்" என்றாள்.

பாத்ரூம் வராந்தாவில். கதவுக்கு நேர் எதிரே பெஞ்சு. பெஞ்சில் மூன்று ஆண்கள். அதில் ஒருவர், "நீங்க சொல்லருவி செண்பகவல்லிதானே! டிவில பாத்துருக்கோம்" என்று எழுந்து கும்பிட்டார். சொல்லருவி என்பது அருப்புக்கோட்டைக்காரர்கள் பொன்னாடையோடு கொடுத்த பட்டம். நானும் கும்பிட்டேன். மூன்று பேரும் மரியாதையாக நிற்க, நான் உள்ளே போய்த் தாழ் போட்டேன். மெல்லிசுக் கதவு. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது.

குழாயைத் திறந்தேன். ஒரு வாளி நிறைந்தது. அதை ஊற்றினேன். சங்கிலியை இழுத்தேன். கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே வந்தேன்.

"ஆச்சும்மா" என்றேன்.

கடைசிப் படம் எடுத்தாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அம்மா, போனீங்களா?"

"போனேனே."

"முழுசா?"

"ஏம்மா, ஒரு ஆசிரியையைப் பாத்து ரெண்டு தடவ கேக்குறியே!"

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். கீழே, நட்ட நடுவில், உருண்டையாக, வெள்ளை வெளேர் என்று ஒன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. அதைப் படம் பிடித்து எதிரே காட்டியும் இல்லை என்று சாதித்தவள் நான் ஒருத்திதான். "என் உடம்பு வாகு அப்படி" என்றேன். கீழே வேன் ஹாரன் அடித்தது.

"சரிம்மா. வீட்டுக்குப் போயி நிறைய தண்ணி குடிங்க, அடிக்கடி போங்க. மருந்து அதுலதான் வெளியேறும். இன்னிக்கு ஒரு நாள் கைக்குழந்தை, கர்ப்பிணிங்க பக்கத்துல போகாதீங்க" என்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கோபமாக இருந்தது.

மேலூரில் மேடை ஏறுமுன் நிறைமாதப் பெண் ஒருத்தி செல்போனோடு ஓடிவந்தாள். "மேடம், ஒரு செல்ஃபி! ஒங்க பேச்சக் கேட்டா என் பிள்ளையும் பேச்சாளராகும்!" நான் பின்னால் குதித்து, "கிட்ட வராத!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் மேடையோரத்து மைக் ஆனில் இருந்தது. ஊரே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். நடுவர் ஐயா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, "சகோதரி, புகழ் வரும்போது பணிவும் வரணும்" என்றார். நான் என்ன சொல்வேன்? ஐயா, மருந்து வெளியே போகத் தயாராக இருக்கிறது, ஆள்தான் தயாராக இல்லை என்றா?

குடித்தது: ஒரு பாட்டில்.
போனது: போனேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

போகவில்லை. நேற்று எழுதியது பொய். வீட்டுக்கு வந்துதான் போனேன். நோட்டில்கூடப் பொய் எழுதினால் இதை எப்படி டாக்டரிடம் காட்டுவது?

பிப்ரவரி 25, புதன்

டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்தார். இடது கிட்னி நன்றாக வேலை செய்கிறது. வலது கொஞ்சம் குறைவு, ஆனாலும் உயிர் இருக்கிறது, எடுக்கவேண்டிய அளவுக்கு இல்லை. மருந்தைப் பிடிக்கிறது, ஆனால் விடவில்லை. "இத மட்டும் பாத்தா அடைப்புன்னுதான் சொல்லணும். ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டியதுதான்" என்றார்.

பிறகு விரலை ஒரு வரியில் வைத்தார். "ஆனா அந்தப் பொண்ணு கீழ எழுதியிருக்கு. மூத்திரப்பை காலியாகல, அதனால கடைசிப் படத்த நம்ப முடியாதுன்னு. ஏம்மா, அன்னைக்கு நீங்க போகலையா?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். மார்ச் மாதம் முழுக்க எனக்கு நிகழ்ச்சி.

"கீழ தொட்டி ரொம்பிக் கெடந்தா மேல இருந்து வர்ற தண்ணி எங்க போகும்? அங்கனயே நிக்கும். அத அடைப்புன்னு நெனச்சு நான் வயித்தக் கிழிச்சா, அப்புறம் ரெண்டு பேருக்கும் நல்லா இருக்காது" என்றார் டாக்டர். "இன்னொரு தடவ எடுப்போம். இந்தத் தடவையும் இப்படியே வந்தா கத்திதான். அதனால தண்ணி குடிச்சிட்டுப் போங்க. போகச் சொன்னா போங்க."

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது இவர் கேட்டார். "வல்லி, போனியா இல்லியா?"

"போகல."

"ஏன்?"

"வெளிய ஆளு இருந்தாங்க."

"மைக்கப் பிடிச்சா பத்தாயிரம் பேருக்கு முன்னால வாய் மூடாத. ஒரு கதவுக்குப் பின்னால இம்புட்டு வெக்கமா ஒனக்கு?" என்றார். திட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

பயமாக இருக்கிறது. கத்திக்குப் பயம். மயக்க மருந்துக்குப் பயம். எல்லாவற்றையும்விட, அடைப்பே இல்லாமல் வெறும் வெட்கத்துக்காக அறுத்துக்கொண்டு சாவேனோ என்று பயம். ஊரில் இரங்கல் கூட்டத்தில் என்னவென்று பேசுவார்கள்?

மார்ச் 2, திங்கள்

குடித்தது: ஜாடி நிறைய.
போனது: ஜாடி நிறைய. இவருக்கு அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம். கல்யாணமான புதிதில்கூட என்னை இப்படிப் பாராட்டியதில்லை.

மார்ச் 5, வியாழன்

இரண்டாவது முறை மதுரை. இவரும் வந்தார். பஸ் வேண்டாம் என்று ரயிலில் கூட்டிக்கொண்டு வந்தார். ரயிலில் பாத்ரூம் உண்டு என்பதை ரயில்வேக்காரர் பெண்டாட்டிக்கு இத்தனை வருஷம் கழித்து நினைவுபடுத்த வேண்டியிருந்தது. சாத்தூர் வரை ஒரு பாட்டில், விருதுநகர் வரை இன்னொன்று.

ரிஸ்வானா என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "வாங்க டீச்சர்" என்றாள். அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுபடியும் ஊசி, மறுபடியும் தட்டு, மறுபடியும் அந்த இரண்டு அவரைக்கொட்டைகள். இடது ஏறி இறங்கியது. வலது ஏறி நின்றது. நான் அதனிடம் மனசுக்குள் கெஞ்சினேன், இறங்கு தாயே, உன் காலைப் பிடிக்கிறேன், இறங்கு என்று. நீர் இறங்க ஊசி போட்டதும் அன்றைக்கு மாதிரியே பாதி மனசாகத்தான் சாய்ந்தது.

"போயிட்டு வாங்கம்மா" என்றாள்.

வராந்தாவில் அதே பெஞ்சு. இன்று நான்கு ஆண்கள். என் கால் அப்படியே நின்றுவிட்டது.

இவர் என்னைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். நேராகப் போய் அவர்கள் முன்னால் நின்று, முப்பது வருஷம் டிக்கெட் கவுன்ட்டர் மைக்கில் பேசிய குரலை எடுத்தார்.

"ஐயா, நீங்கள்லாம் எங்க போகணும்? திருநெல்வேலியா? அப்ப கேட்டுக்கோங்க. மெட்ராஸ்ல இருந்து வர்ற வண்டியெல்லாம் ஏன் லேட்டாகுதுன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தார் பாருங்கள். எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் நிற்கும், எங்கே எஞ்சின் மாற்றுவார்கள், கவுன்ட்டரில் சில்லறைக்கு நடந்த சண்டை, ஒவ்வொன்றாகக் கட்டிடம் அதிரச் சொன்னார். வீட்டில் உப்பு வேண்டும் என்பதைக்கூட சைகையில் சொல்கிற மனுஷன். ரிஸ்வானா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே நான் என்ன செய்தாலும் ஒரு ஈ, காக்கைக்குக் கேட்காது.

போனேன். நிஜமாகவே போனேன். உட்கார்ந்துகொண்டே அழுதேன். வெளியே இவர் மணியாச்சி ஜங்ஷனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வந்து நின்ற வாக்கில் கடைசிப் படம். கீழே பூசணிக்காயைக் காணவில்லை. ரிஸ்வானா வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். "பாருங்கம்மா, எறங்கிருச்சு. அநேகமா எல்லாமே எறங்கிருச்சு." அவள் முகத்தில் அவள் வீட்டு விசேஷம் மாதிரி ஒரு சிரிப்பு. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அன்னைக்கு நான் பொய் சொன்னேம்மா" என்றேன்.

"தெரியும்மா. இங்க வர்ற பொம்பளைங்க பாதிப் பேரு சொல்றதுதான்" என்றாள்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. இஞ்சி டீ வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 7, சனி

டாக்டர் சொன்னது: அடைப்பு இல்லை. கத்தி இல்லை. வருஷக்கணக்காக அடக்கி அடக்கிப் பை தொய்ந்து, அதன் பாரம் மேலே கிட்னி வரைக்கும் போயிருக்கிறது. பழக்கத்தை மாற்றினால் தேறும். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

"மூணு மணி நேரத்துக்கு ஒருக்க கட்டாயம் போகணும். வந்தாலும் சரி, வராட்டாலும் சரி" என்றார்.

"பள்ளிக்கூடத்துல..."

"சாவியக் கேளுங்க."

"வேன்ல போகும்போது..."

"நிறுத்தச் சொல்லுங்க. வாய் இருக்குல்லா?"

வாய் இருக்கிறது. அதற்குப் பட்டம்கூடக் கொடுத்திருக்கிறார்கள்.

நாளை திண்டுக்கல்லில் ஒரு மகளிர் கல்லூரியில் மகளிர் தினச் சிறப்புப் பட்டிமன்றம். "பெண்களுக்கு முழு விடுதலை கிடைத்துவிட்டதா, இல்லையா?" நடுவர் ஐயா எனக்குக் கொடுத்திருக்கும் கட்சி: கிடைத்துவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு

மறந்துவிடுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

கோவில்பட்டியில் ஏறும்போதே வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன். "ஐயா, ஒரு சிறு விண்ணப்பம்." சரியில்லை. "உடல்நலம் கருதி..." மடல் எழுதுவது மாதிரி இருந்தது. சாத்தூர் போனது. ஆண்கள் சாத்தூருக்கு முன்னமேயே ஒரு மரத்தடியைப் பார்த்து இறங்கி ஏறியிருந்தார்கள். விருதுநகர் வந்தது. மூன்று மணி நேரம் ஆகவில்லை, ஆனால் இவர் காலையில் ஊற்றிவிட்ட தண்ணீர் அந்தக் கணக்கையெல்லாம் பார்க்கவில்லை. வாயைத் திறப்பேன், கோதண்டராமன் ஏதாவது ஜோக் சொல்வார், மூடிக்கொள்வேன். பக்கத்தில் கோமதி கண்ணை மூடியிருந்தாள். அவள் மடியில் சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில்.

விருதுநகர் தாண்டியதும் அந்த ஸ்கேன் திரை கண்முன் வந்தது. மேலேயே நின்றுகொண்டு இறங்காத அந்தக் கோடு.

"சேர்மக்கனி, வண்டிய நிறுத்துப்பா."

"என்ன டீச்சர், எதையும் விட்டுட்டு வந்துட்டியளா?"

"இல்ல. எனக்கு ஒண்ணுக்குப் போகணும்."

நடுவர் ஐயா எங்கோ வெளியே பார்த்தார். வக்கீல் குடையை எடுத்துத் துடைத்தார். கோதண்டராமனுக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஜோக் வரவில்லை. வானம் இடிந்து விழுமென்று காத்திருந்தேன். விழவில்லை.

"முன்னால பங்க் இருக்கு, அங்கன நிறுத்துதேன் டீச்சர்" என்றான் சேர்மக்கனி. அவ்வளவுதான். இத்தனை வருஷமும் அந்த ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவுதான் பதில்.

வேன் நின்றது. கதவை நான் தள்ளுவதற்குள் என் முழங்காலைத் தாண்டிக் கோமதி குதித்தாள். சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். கோமதி ஓடி நான் பார்த்ததேயில்லை. ஓடிப்போனவள் கதவைப் பிடித்து ஆட்டிவிட்டுத் திரும்பி நின்றாள். "அக்கா, பூட்டியிருக்குக்கா!" அழுகிற குரல்.

நான் பங்க் ஆபீசுக்குப் போனேன். உள்ளே ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் கேட்டேன்: "ஐயா, பெண்கள் கழிப்பறைச் சாவி!" பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவர் போனைக் கீழே வைத்துவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

கோமதியை முதலில் போகச் சொன்னேன். வெளியே காவல் நின்றேன். வெளியே வந்தவள் முகமெல்லாம் தண்ணீர். முகம் கழுவியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

"பத்து வருஷமாக்கா" என்றாள். "இன்னைக்கு அக்கா கேப்பா, இன்னைக்கு அக்கா கேப்பான்னு ஒவ்வொரு தடவையும் உக்காந்திருப்பேன். எல்லாமே இரும்பா இருக்கணும்னு சொன்னியளே. நீங்களே எறங்கல, நான் எப்படிக்கா எறங்க? நீர்க்கடுப்புன்னு ரெண்டு தடவ ஆஸ்பத்திரில படுத்துட்டேன். ஒங்ககிட்ட சொன்னா கேவலமா நினைப்பியளோன்னு சொல்லல."

அவள் சொல்ல வெட்கப்பட்டது என்னிடம். நான் பெருமை என்று நினைத்துச் சுமந்ததை அவள் தலையிலும் ஏற்றி வைத்திருக்கிறேன். அவளைக் கட்டிக்கொண்டேன். "மன்னிச்சுக்கோ கோமதி" என்றேன்.

"மொதல்ல நீங்க உள்ள போங்கக்கா" என்றாள்.

கல்லூரியில் என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. மேடையில் வைத்த தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டுப் பேசினேன். பெண்களுக்கு முழு விடுதலை இன்னும் கிடைக்கவில்லை என்று நடுவர் ஐயா தீர்ப்புச் சொன்னார். தோற்றுவிட்டோம். கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

திரும்பும்போது மதுரை தாண்டி விருதுநகர் நெருங்கியது. அதே பங்க் எதிர்ப்பக்கம் விளக்கோடு தெரிந்தது. எனக்கு முன்னால் கோமதி முந்திக்கொண்டாள்.

"கனி அண்ணே, வண்டியத் திருப்பி நிறுத்துங்க."

குடித்தது: பாட்டில் கணக்கில் இல்லை.
போனது: நானும் கோமதியும்.